குழந்தை சீட்டில் ஒரு பூசணிக்காய்

ஷோரூமில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகள் படிப்பதற்கு ஏதாவது எழுதித் தாருங்கள் மேடம் என்று கேட்டார்கள். ராஜபாளையத்தில் கார் விற்றே தலை நரைத்து ஓய்வு பெற்ற பொம்பளை நான். கடன் எப்படிப் பேசுவது, ஒரு ஆளுக்கு எத்தனை தடவை போன் போடுவது என்பதையெல்லாம் உங்களுக்குப் பயிற்சியிலேயே போதும் போதும் என்கிற அளவுக்குச் சொல்லியிருப்பார்கள். அதையெல்லாம் விட்டுவிடுகிறேன். ஒரே ஒரு டெலிவரி நாளைப் பற்றிச் சொல்கிறேன்.

கவிதா ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வீடு ராஜபாளையத்தில். கணவர் முருகேசனுக்குப் பஞ்சாலையில் ஷிப்டு வேலை. ஐந்து வயதில் ஒரு பையன், இரண்டரை வயதில் ஒரு பாப்பா. காலையில் கவிதா இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு கிளம்பி, மம்சாபுரத்தில் அம்மா வீட்டில் விட்டுவிட்டு, அப்படியே பள்ளிக்கூடம் போக வேண்டும். சாயங்காலம் அதே வழியில் திரும்ப வேண்டும். வண்டியில் பெரிய ஆள் அவள் ஒருத்திதான். ஸ்டியரிங்கைப் பிடிப்பாளா, பிள்ளையைப் பிடிப்பாளா? அதுதான் அவளுடைய கவலை.

முதல் நாள் அவள் ஷோரூமுக்கு வந்த கோலத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒரு ஆட்டோவில் இரண்டு பெரிய குழந்தை சீட்டுகளை ஏற்றிக்கொண்டு, நடுவில் பாப்பாவோடு ஒடுங்கி உட்கார்ந்து வந்தாள். பின்னாலேயே மொபெட்டில் முருகேசனும், பின்சீட்டில் அவருடைய அப்பாவும். எங்கள் விற்பனைப் பையன்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். "யக்கா, சீட்டை அவங்களே கொண்டாந்துட்டாங்க. நாம நாலு சக்கரத்த மட்டும் குடுத்தாப் போதும்" என்று ஒருவன் என் காதில் வந்து சொன்னான். எனக்கும் சிரிப்பு வந்தது, இல்லை என்று சொல்லவில்லை.

நம் ஊரில் காரைப் பார்க்க வருகிறவர்கள் வாயிலிருந்து வரும் முதல் கேள்வி என்ன? "எம்புட்டுக் குடுக்கும்?" வண்டியின் நிறம்கூடக் கண்ணில் படாது, மைலேஜ் தெரிந்தாக வேண்டும். கவிதாவும் அதைத்தான் கேட்டாள். தினமும் போய்வரும் தூரத்துக்குப் பெட்ரோல் போட்டே சம்பளம் கரைந்துவிடும் என்றாள். ஆனால் அடுத்த கேள்வியை அதற்கு முன் யாரும் என்னிடம் கேட்டதில்லை. "பின்சீட்டு இடுக்குல இரும்பு வளையம் இருக்குமே, அது எந்த வண்டில கைக்கு எட்டுற மாதிரி இருக்கு?" என்று கேட்டாள். குழந்தை சீட்டின் கொக்கிகள் அந்த வளையத்தில்தான் மாட்டும். எத்தனையோ வண்டி விற்ற நான் அந்த வளையத்தைக் கைவிட்டுத் தொட்டுப் பார்த்தது அன்றைக்குத்தான்.

முதலில் அதிகம் மைலேஜ் தரும் கேஸ் வண்டியைக் காட்டினேன். டிக்கியைத் திறந்தாள். பாதி டிக்கியைச் சிலிண்டர் அடைத்துக்கொண்டிருந்தது. கூமாப்பட்டியில் மாமனாருக்குக் கொஞ்சம் தென்னை இருக்கிறது. "தேங்காய் மூட்டை டிக்கில ஏறலைன்னா பிள்ளைங்க காலடிக்கு வந்துரும்" என்று சொல்லி மூடிவிட்டாள். இரண்டாவது வண்டியில் சீட்டுகள் மாட்டின. ஆனால் அவளுடைய மாமனார் நெடுநெடுவென்று வளர்ந்த மனிதர், முழங்கால் வலி வேறு. அவர் முன்னால் காலை நீட்டி உட்காரும்படி சீட்டைத் தள்ளினால், பின்னால் குழந்தையின் கால் நசுங்கும். மூன்றாவது செடான் மைலேஜில் கொஞ்சம் கம்மி. அதில் மாமனாரும் உட்கார்ந்தார், இரண்டு சீட்டும் 'டக் டக்' என்று மாட்டின, டிக்கியும் விசாலமாக இருந்தது. கவிதா பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு மனசுக்குள் கணக்குப் போட்டாள். "மாசத்துக்குக் கொஞ்சம் கூடத்தான் ஆகும். பரவாயில்ல, இதுதான்" என்றாள். இத்தனை தெளிவாகக் கார் வாங்கிய ஒருத்தரை நான் பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்த குழந்தை சீட் பாடம் எல்லாம் அவள் அன்றைக்குச் சொல்லிக் கொடுத்ததுதான்.

மாமனார் சங்கரபாண்டி பஞ்சு லோடு லாரி ஓட்டி ஓய்ந்தவர். அவருக்கு இந்த ஏற்பாடே வேடிக்கையாக இருந்தது.

"இத்தன பெரிய வண்டிய வாங்கிட்டு, பச்சப் பிள்ளைய வாரு போட்டுக் கட்டுவாகளா? என் மடி எதுக்கு இருக்கு? நான் முன்னால உக்காந்து பாப்பாவ வச்சுக்கிட்டா முடிஞ்சு போச்சு."

"நீங்க இருக்கிற அன்னைக்குச் சரி மாமா. நான் தனியாப் போற அன்னைக்கு?" என்றாள் கவிதா. அவர் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு ஷோரூமில் இருந்த மீன் தொட்டியைக் காட்டப் போய்விட்டார். பாப்பாவும் அவர் கழுத்தை விட்டு இறங்கவே மாட்டாள். ஒட்டிப் பிறந்த மாதிரி இருப்பார்கள் இரண்டு பேரும்.

இப்போது டெலிவரி நாளுக்கு வருகிறேன்.

நல்ல நாள், நல்ல நேரம் எல்லாம் பார்த்துக் குறித்திருந்தார்கள். இங்கே பூஜை போட்டுவிட்டு, நேராக ஸ்ரீவில்லிபுத்தூர் கோவிலுக்குப் போவதாக ஏற்பாடு. மாலை, எலுமிச்சம்பழம், சூடம் எல்லாம் வந்து இறங்கின. திருஷ்டி கழிக்கப் பெரிய வெள்ளைப் பூசணிக்காய் ஒன்று. அதைக் கத்தியால் துளை போட்டு, உள்ளே குங்குமம் கரைத்து ஊற்றி, வெட்டிய துண்டையே மூடியாக வைத்துத் தயாராக வைத்திருந்தார்கள். கேமரா பிடிக்கிற பையன் பெரிய அட்டைச் சாவியோடு காத்து நின்றான்.

வண்டியின் துணியை விலக்கினோம். கவிதா பின்கதவைத் திறந்தாள். திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

உள்ளே சிவப்பு நிறத்தில் பளபளவென்று புத்தம் புது சீட் கவர், ஓரமெல்லாம் தங்கநிற நூல் வேலை. மருமகளுக்குத் தெரியாமல் சந்தோஷப்படுத்த வேண்டும் என்று, சங்கரபாண்டி முந்தின நாள் மகனிடம் சொல்லி, எனக்கும் தெரியாமல் எங்கள் பையன் ஒருவன் மூலமாக வண்டியை வெளிக் கடைக்கு அனுப்பி, ஆசை ஆசையாகத் தைத்துப் போட்டிருந்தார். பின்சீட்டில் உட்காரும் பகுதியும் சாயும் பகுதியும் ஒரே துணியாகச் சேர்ந்திருந்தன. நடுவில் இடுக்கு என்று ஒன்று இல்லவே இல்லை. கவிதா கையை விட்டுத் தடவினாள்.

"வளையம் எங்க? பெல்ட்டு மாட்டுற பூட்டக்கூடக் காணோம்."

"அதெல்லாம் துருத்திக்கிட்டு அசிங்கமா இருந்துச்சு தாயி. உள்ள போட்டு அமுக்கித் தச்சாச்சு. இப்பப் பாரு, மெத்த மாதிரி எம்புட்டு லட்சணமா இருக்குன்னு" என்றார் மாமனார், முகமெல்லாம் சிரிப்பாக.

எனக்குத் தலையில் இடி விழுந்த மாதிரி இருந்தது. எதைப் பார்த்துப் பார்த்து அந்தப் பெண் இந்த வண்டியை எடுத்தாளோ, அதையே மூடித் தைத்துவிட்டார்கள். பிள்ளைகளே, இதைச் செய்தது ஒரு கடை மட்டும் என்று நினைக்காதீர்கள். நம் ஊர் வண்டிகளின் பின்சீட்டில் கையை விட்டுப் பாருங்கள். பாதி வண்டியில் பூட்டு கவருக்கு அடியில்தான் தூங்கிக்கொண்டிருக்கும்.

"ஒரு பிளேடு கொண்டு வாங்கப்பா. அந்த இடத்தில் மட்டும் கீறி விட்டுவிடலாம்" என்றேன்.

சங்கரபாண்டிக்கு முகம் மாறிவிட்டது. "நல்ல நாளும் அதுவுமா புது வண்டிக்குள்ள கத்தி வைக்கிறதா? யம்மா, நீங்க வேதக்காரவுக, சர்ச்சுக்குப் போறவுக, ஒங்களுக்கு இது தெரியாது. பூசைக்கு நிக்கிற வண்டில கீறல் விழக் கூடாது."

"எங்கள் வேதத்திலும் பிள்ளை முக்கியம்தான் ஐயா" என்றேன். அவர் சிரிக்கவில்லை. கூட வந்திருந்த சொந்தக்காரர்களும் அவர் பக்கம்தான். கீறுவதை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம், இன்றைக்கு ஒரு நாள் கோவிலுக்குத்தானே என்றார்கள். நல்ல நேரம் முடியப் போகிறது என்று யாரோ அவசரப்படுத்தினார்கள். உள்ளேயிருந்து மேனேஜர் எனக்குப் போன் போட்டு, அடுத்த டெலிவரிக்காரர்கள் வந்து காத்திருப்பதாகக் கத்தினார்.

சங்கரபாண்டியே ஒரு வழி கண்டுபிடித்தார். சொந்தக்காரர் ஒருவரின் மொபெட்டிலிருந்து நைலான் கயிறு எடுத்து வந்தார். பாப்பாவின் சீட்டைப் பின்சீட்டின் நட்டநடுவில் வைத்தார். லாரியில் பஞ்சுப் பொதியைக் கட்டுகிற மாதிரி இரண்டு பக்கமும் இழுத்து, தலை சாய்க்க மேலே இருக்கிற ஹெட்ரெஸ்ட் இரண்டிலும் சுற்றி, காலை ஊன்றி முடிச்சுப் போட்டார். "மலைப்பாதைலயே என் முடிச்சு அவுந்தது கெடையாது. ஆட்டிப் பாருங்க" என்றார்.

நான் இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினேன். வண்டி ஆடியது, சீட் அசையவில்லை. முருகேசனும் ஆட்டிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றார். எல்லோருக்கும் நிம்மதி. கவிதா மட்டும் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

சாவி என் கையில் இருந்தது. "பாப்பாவை இதில் உட்கார வைப்பதாக இருந்தால் நான் சாவி தரமாட்டேன்" என்றேன். ஏன் என்று கேட்டார்கள். எனக்கு விளக்கத் தெரியவில்லை. மாட்ட வேண்டிய இடத்தில் மாட்டவில்லை, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். விற்க வந்தவள் வாங்க வந்தவர்களை மறிக்கிறாளே என்று ஒரு பெரியவர் முனகினார். முனகட்டும். உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வரும். காரணம் சொல்லத் தெரியவில்லை என்பதற்காகச் சாவியைக் கொடுத்துவிடாதீர்கள்.

அப்போதுதான் கவிதா பேசினாள். "சரி மாமா, ஒங்க முடிச்சுலயே போகலாம். மொதல்ல அந்தப் பூசணிக்காய உக்கார வச்சு ஒரு சுத்துப் போயிட்டு வாங்க. அதுவும் பாப்பா கனம்தான் இருக்கும். பொறவு பிள்ளைய ஏத்துறேன்."

சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். சங்கரபாண்டியும் சிரித்துவிட்டார். "பூசணிக்காய்க்கு ஊர்வலமா? நடத்திருவோம்" என்று சொல்லி, அவரே அதைத் தூக்கி வந்து சீட்டில் வைத்து, குழந்தைக்குப் போடுகிற வாரைப் போட்டு இறுக்கினார். முருகேசன் ஓட்ட உட்கார்ந்தார். பெரியவர் முன்னால் பெல்ட்டைப் போட்டுக்கொண்டார். நான் பின்சீட்டில் ஓரமாக ஒண்டிக்கொண்டேன். எனக்குப் பெல்ட் ஏது? அதன் பூட்டும்தான் கவருக்கு அடியில் போய்விட்டதே. கதவுக்கு மேலே இருக்கும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

அய்யனார் கோவில் ரோட்டில் மாந்தோப்புகள் வரை போய்த் திரும்புவதாகத் திட்டம். முருகேசன் வேகமாக ஓட்டவில்லை, இதை நான் சத்தியம் பண்ணிச் சொல்வேன். புது வண்டி என்று பயந்து பயந்துதான் ஓட்டினார். ஆள் இல்லாத இடத்தில் லேசாக ஒரு பிரேக் போட்டுப் பார்த்தார். சீட் அசையவில்லை. "நான் சொன்னேன்ல?" என்று பெரியவர் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கும் வீண் வம்பு பண்ணிவிட்டோமோ என்று தோன்றியது.

ஒரு தோப்பிலிருந்து மாங்காய் ஏற்றிய லோடு ஆட்டோ, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்க்காமல் ரோட்டில் ஏறிவிட்டது. முருகேசன் பிரேக்கை ஏறி மிதித்தார்.

என் தோள் முன்சீட்டில் போய் மோதியது. என் பக்கத்தில் இருந்த சீட் பக்கத்தில் இல்லை. அது குப்புறக் கவிழ்ந்து முன்னால் போய்க்கொண்டிருந்தது. பூசணிக்காய் வாரிலிருந்து நழுவி, முன்னால் இருந்த இரண்டு பேருக்கும் நடுவே பாய்ந்து, டேஷ்போர்டில் அடித்துச் சிதறியது. அந்தச் சத்தத்தை நான் எழுதமாட்டேன். கண்ணாடி முழுக்கச் சிவப்பு. ஸ்டியரிங்கில் சிவப்பு. பெரியவரின் வெள்ளைச் சட்டையிலும் கன்னத்திலும் சிவப்பு வழிந்துகொண்டிருந்தது.

"பாப்பா! ஏ பாப்பா!"

சங்கரபாண்டி பெல்ட்டோடு குனிந்து, தரையில் கிடந்த துண்டுகளை இரண்டு கையாலும் வாரினார். ஒவ்வொரு துண்டாக எடுத்துப் பார்த்துக் கீழே போட்டார். "எம் பிள்ளைய எங்க? ஏலே, எம் பிள்ளைய எங்கலே?" என்று மகனைப் பார்த்து அலறினார்.

"யப்பா, பாப்பா ஷோரூம்ல இருக்காப்பா. கவிதாட்ட இருக்காப்பா. இது பூசணிக்காய்ப்பா" என்று முருகேசன் அழாத குறையாகச் சொன்னார். அது அவர் காதில் ஏறவே இல்லை. எனக்கு மட்டும் என்ன? நடந்தது முழுக்கத் தெரிந்த நானும் அந்தச் சிவப்பைப் பார்த்து உறைந்துபோய் உட்கார்ந்திருந்தேன். பிள்ளை வண்டியில் இல்லை என்பதை என் மூளைக்கு நானே திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது.

வண்டி ஆட்டோவில் மோதவில்லை, பிரேக் போட்டதற்கே இத்தனையும். பிறகுதான் கவனித்தேன். முடிச்சு அவிழவில்லை. கயிறு கட்டியபடியே இருந்தது. இரண்டு ஹெட்ரெஸ்ட்டும் கயிற்றோடு சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டன. கவர் போடுவதற்காக அவற்றைக் கழற்றியவர்கள், திரும்ப மாட்டும்போது அழுத்தி மாட்டாமல் சும்மா சொருகி வைத்திருக்கிறார்கள். பூசணிக்காய்க்குத் தோள் கிடையாது, அதனால் நழுவியது, பிள்ளை என்றால் நழுவாது என்று பின்னாளில் ஒருவர் எனக்கு விளக்கம் சொன்னார். சீட்டே பறந்ததே ஐயா, பிள்ளை அதில் இருந்தால் என்ன, நழுவினால் என்ன என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

ஷோரூமுக்குத் திரும்பினோம். மாமனார் சட்டையைப் பார்த்ததும் கவிதா பாப்பாவை மார்போடு இறுக்கிக்கொண்டு, "மாமாவுக்கு என்னாச்சு?" என்று ஓடி வந்தாள். அவர் நேராகப் பூஜைத் தட்டுக்குப் போனார். பூசணிக்காய்க்குத் துளை போட்ட கத்தி அங்கே கிடந்தது. அதை எடுத்து வந்து, பின்கதவைத் திறந்து, தான் ஆசைப்பட்டுத் தைத்த அந்தக் கவரை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை கிழித்தார். கிழித்த வேகத்தில் அடியில் இருந்த சீட்டிலும் கீறல் விழுந்தது. நல்ல நேரம் என்று யாரும் வாயைத் திறக்கவில்லை.

இரும்பு வளையங்கள் வெளியே தெரிந்தன. கவிதா இரண்டு சீட்டுகளையும் கொண்டு வந்து மாட்டினாள். நாங்கள் கண்ணாடியையும் ஸ்டியரிங்கையும் துடைத்துவிட்டு, ஹெட்ரெஸ்ட்டுகளை ஒழுங்காக அழுத்திப் பொருத்தினோம். பையன் தானாக ஏறி உட்கார்ந்துகொண்டான். பாப்பாவை உட்கார வைத்து வாரை இழுத்தபோதுதான் அவள் ஆரம்பித்தாள். "தாத்தா மடி! தாத்தா மடி!" என்று இரண்டு கையையும் நீட்டி, மூச்சு முட்டுகிற அழுகை. பெரியவரின் கை தானாக முன்னால் போனது. பாதியில் அதை இழுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டார்.

"மாமா, ஏறுங்க. முன்னால ஒங்களுக்குத்தான் எடம்" என்றாள் கவிதா.

"நீங்க போங்க தாயி. நான் பஸ்ல வாரேன்."

"என்ன மாமா நீங்க? ஒங்க கால் நீட்டுறதுக்குன்னே பார்த்து எடுத்த வண்டி இது."

"அதுக்கில்ல. அவ இப்படி அழுதா, போற வழில நான் அவுத்துத் தூக்கிருவேன். எனக்கு என்னையத் தெரியும். போங்க, கோவில்ல பாப்போம்."

கவிதா அவரையே பார்த்தாள். அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. முருகேசன் வண்டியை எடுத்தார். சன்னல் வழியாகப் பாப்பாவின் அழுகை கேட்டபடியே போனது.

அவர் ரோட்டைக் கடந்து பஸ் நிறுத்தத்தில் போய் நின்றார். சட்டையெல்லாம் குங்குமத்தோடு அவர் தனியாக நிற்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன். வண்டி போன திசையையே அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யம்மா" என்றார். "இந்த முருகேசன் சின்னப் பிள்ளையா இருக்கையில, பள்ளிக்கூடம் இல்லாத நாளெல்லாம் எங்கூட லோடுக்கு வருவான். அம்புட்டுத் தூரமும் அவன மடிலதான் வச்சு லாரி ஓட்டுனேன். ஸ்டியரிங்குக்கும் எனக்கும் நடுவுல."

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் வந்தது. படியில் கால் வைத்தவர், ஏற மறந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். கண்டக்டர் இரண்டு தடவை விசில் அடித்த பிறகுதான் உள்ளே போனார்.